கைராசியைப் பிழை சொல்லாதையுங்கோ

"எனக்குக் கைராசி இல்லை" எண்டு சொல்லி, வாடின முல்லைத் தண்டைத் தூக்கி எறியிற ஆக்களுக்குத்தான் இதை எழுதுகிறோம். பிழை கையில் இல்லை, மாதத்தில் இருக்கிறது.

கிளெமாட்டிஸ் என்ற பூங்கொடியில் இளந்தண்டு வெட்டி நட, இங்கிலாந்துக்காரருக்கு ஏப்ரல் முதல் ஜூன் வரை நல்ல காலம். யூடியூபில் அதைப் பார்த்துவிட்டு, திருகோணமலையில் ஜூன் மாதம் முல்லையை வெட்டினால்? இங்கே அப்போது கச்சான் காற்று. இலைவழி போகிற தண்ணீரை, வேரே இல்லாத தண்டு எப்படி ஈடுகட்டும்?

மாரி தொடங்கும் ஒக்டோபர் வரை பொறுப்போம். விடியக்காலையில், பூக்காத இளந்தண்டைக் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுவோம். நுனியில் இரண்டு மூன்று இலை போதும். மணலும் தும்புத்தூளும் கலந்து நட்டு, அடி வெட்டின போத்தலால் மூடி, மழை நேரே அடிக்காத நிழலில் வைப்போம்.

"மழை விழட்டும்" எண்டு அம்மம்மாமார் காத்திருந்தது மூடநம்பிக்கை இல்லை, இந்த ஊரின் தாவரவியல். வெள்ளைக்காரன் போய் இவ்வளவு காலத்துக்குப் பிறகும் அவன்ர காலநிலைக்கோ நாங்கள் தோட்டம் செய்யிறது?

இந்த மாரிக்கு நர்சரிக்கு ஓடாமல், பக்கத்து வீட்டு வேலியில் ஒரு தண்டு கேளுங்கோ.