முகப்பு விளக்கும் மோட்டார் வாகனச் சட்டமும்: பொருத்தியவருக்கு அபராதம், விற்றவருக்கு?

நமது நாடாளுமன்றச் செய்தியாளர்

புது தில்லி: சொந்த காரின் முகப்பு விளக்கை மாற்றிக்கொள்வது வீட்டுக் கூடத்தில் குழல் விளக்கை மாற்றுவது போன்றதுதான் என்று நம்மில் பலர் கருதுகிறோம். ஆனால், நாடாளுமன்றம் 2019-ல் நிறைவேற்றிய மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்படி, அனுமதிக்கப்படாத முறையில் வாகனத்தில் ஒரு பாகத்தை மாற்றிப் பொருத்தும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை, அல்லது மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும், இரவில் எந்த நெடுஞ்சாலையில் சென்றாலும் எதிரே வரும் வெண்ணீல ஒளிக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பத்து கிலோ மீட்டர் கடக்க முடிவதில்லை. சட்டம் ஒரு பக்கமும் சாலை ஒரு பக்கமுமாக நிற்பது ஏன்?

வீட்டு முற்றத்தில் அரை நாள் வேலை: தில்லியின் காஷ்மீரி கேட், கரோல் பாக் தொடங்கி சென்னையின் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வரை, கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் கடைகளில் செனான் விளக்குத் தொகுப்புகள் 2000-களில் தொடங்கி பெருமளவில் விற்பனையாயின. இணைய வணிகம் வளர்ந்த பிறகு சில ஆயிரம் ரூபாய்க்கு அவை வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தன.

பெட்டிக்குள் இருப்பவை இரண்டு குமிழ்கள், பேலஸ்ட் எனப்படும் இரண்டு மின்னழுத்தக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள், ரிலேவும் ஃப்யூஸும் கொண்ட ஒரு வயர்த் தொகுதி, அவ்வளவே. பழைய ஹாலஜன் குமிழைக் கழற்றி அதே துளையில் புதியதைச் செருக வேண்டும். பேலஸ்டை எங்காவது திருகி நிறுத்தி, வயரை பேட்டரியுடன் இணைக்க வேண்டும். ஓரளவு கைத்தேர்ச்சி உள்ளவருக்கு அரை நாள் வேலை.

வேலை எளிது என்பதால் விளைவும் எளிது என்று ஆகிவிடாது. செனான் குமிழில் ஹாலஜனைப் போல் இழை கிடையாது. இரு மின்முனைகளுக்கு இடையே வாயுவில் மின்வில் எரிகிறது. அதைப் பற்றவைக்க பேலஸ்ட் ஒரு கணம் 20,000 வோல்ட்டுக்கும் மேலான அழுத்தத்தைத் தருகிறது. விளக்கு எரியும்போது பேலஸ்டின் இணைப்பைத் தொடுவது உயிருக்கே ஆபத்து. பழைய வகைக் குமிழ்கள் சிலவற்றில் சிறிதளவு பாதரசமும் உண்டு. உடைந்தால் சாதாரணக் குப்பையில் வீசக் கூடாதவை அவை.

குமிழ் மாறியது, கூடு மாறவில்லை: பிரச்னையின் வேர் குமிழில் இல்லை, அது போய் உட்காரும் கூட்டில் இருக்கிறது. காரின் முகப்பு விளக்கு என்பது குமிழும், பிரதிபலிப்பானும், முன் கண்ணாடியும் சேர்ந்த ஒரே ஒளியியல் கருவி. ஹாலஜன் விளக்கின் பிரதிபலிப்பான், அந்த இழை எந்த இடத்தில் எந்த அளவில் இருக்கிறதோ அதைக் கணக்கிட்டே வளைக்கப்பட்டிருக்கிறது. மின்வில்லின் வடிவம் வேறு, அளவு வேறு, ஒளி செறிந்திருக்கும் இடம் வேறு. ஓரிரு மில்லி மீட்டர் விலகினாலும், சாலையில் விழ வேண்டிய ஒளி எதிரே வருபவரின் கண்ணில் விழும்.

அளவிலும் வேறுபாடு பெரிது. 55 வாட் ஹாலஜன் குமிழ் ஏறத்தாழ 1,000 முதல் 1,500 லூமென் ஒளி தருகிறது. 35 வாட் செனான் குமிழ் தருவது 3,000 லூமெனுக்கும் மேல். கட்டுப்பாடில்லாமல் சிதறுவது இரண்டு மடங்கு ஒளி என்று பொருள்.

தொழிற்சாலையிலேயே செனான் விளக்குடன் வரும் கார்களில் இந்தச் சிக்கல் ஏன் பெரிதாக இல்லை என்ற கேள்வி எழலாம். 1991-ல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ நிறுவனம் தனது உயர் ரக காரில் இந்த விளக்கை முதன்முதலில் கொண்டுவந்தது. அதற்கெனத் தனியாக வடிவமைக்கப்பட்ட கூடும் உடன் வந்தது. பின்னர் ஐரோப்பிய விதிகள், தாழ்வொளியில் 2,000 லூமெனுக்கு மேற்பட்ட ஒளிமூலம் கொண்ட கார்களில், சுமைக்கு ஏற்ப விளக்கு தானே தாழ்ந்துகொள்ளும் அமைப்பும், விளக்குக் கண்ணாடியைக் கழுவும் அமைப்பும் இருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தின. கண்ணாடியில் படியும் தூசிகூட ஒளியைச் சிதறடிக்கும் என்பதே காரணம். கடையில் விற்கும் தொகுப்பில் இவற்றில் எதுவும் இல்லை.

இப்போது செனான் மோகம் தணிந்து எல்இடி குமிழ்கள் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. ஆனால், ஹாலஜனுக்கென அமைந்த கூட்டுக்குள் அவற்றைச் செருகும்போதும் எழுவது இதே சிக்கல்தான்.

மாற்றுபவரின் நியாயம்: விளக்கை மாற்றுபவர் அனைவரையும் பகட்டுக்காரர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. விளக்குக் கம்பமே இல்லாத சாலைகள், பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள், நடுச் சாலையில் படுத்திருக்கும் மாடுகள், எச்சரிக்கைப் பலகை இல்லாத பள்ளங்கள் ஆகியவற்றை எதிர்கொள்பவர் கூடுதல் வெளிச்சம் தேடுவது இயல்பு. விலை குறைந்த கார்களில் தரப்பட்ட ஹாலஜன் விளக்குகள் மங்கலானவை என்ற குறையிலும் உண்மை உண்டு.

ஆனால், கிடைப்பது அவர் நினைக்கும் பலன் அல்ல. சிதறும் ஒளி காருக்கு அருகே உள்ள தரையைப் பளீரென்று காட்டுகிறது. கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடுவதால், தொலைவில் இருட்டில் நிற்பவர் முன்னைவிடத் தாமதமாகவே தென்படுவார். நன்றாகத் தெரிகிறது என்ற நம்பிக்கையில் வேகமும் கூடுகிறது.

எதிரே வருபவரின் நிலை இதைவிடக் கேடானது. கண் கூசிய பின் பார்வை தெளியச் சில நொடிகள் ஆகும். வயதானவர்களுக்கும் கண்புரை உள்ளவர்களுக்கும் இன்னும் நேரமாகும். மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் மூன்று நொடியில் 66 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். அந்தத் தொலைவு முழுவதும் அவர் ஏறக்குறையக் கண்ணை மூடிக்கொண்டே ஓட்டுகிறார். இவ்வாறு அவதிப்பட்டவர் மறுநாள் தானும் ஒரு பளீர் விளக்கை வாங்கிப் பொருத்துகிறார். ஒருவரைப் பார்த்து ஒருவர் ஆயுதம் சேர்ப்பது போன்ற இந்தப் போட்டியில் இறுதியில் தோற்பவர்கள், ஒளிர்விளக்கு ஏதுமற்ற பாதசாரியும் மிதிவண்டிக்காரரும்தான்.

சட்டம் சொல்வது என்ன?: 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-வது விதி இதைத் தெளிவாகவே சொல்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், வலப்புறம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாத அளவுக்கு ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும். ஒரு காலத்தில் முகப்பு விளக்கின் மேற்பகுதியில் கறுப்பு வண்ணம் பூசும் வழக்கம் இருந்ததைப் பலர் நினைவில் வைத்திருக்கலாம். அதன் நோக்கமும் இதுவே.

விதி இருந்தது, ஆனால் பல் இல்லை. பொது அபராதப் பிரிவான 177-ன் கீழ் முதல் குற்றத்துக்கு வெறும் ரூ. 100-தான் விதிக்க முடிந்தது. வாகன மாற்றத்தைத் தடுக்கும் 52-வது பிரிவோ, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு முரணாகக் கூடாது என்று பேசுகிறது. முகப்பு விளக்கின் குமிழ் பதிவுச் சான்றில் இடம்பெறும் விவரம் அல்ல.

கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீட்டில், 2019 ஜனவரி 9-ம் தேதி நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு, தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்புக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு திருத்தச் சட்டம் வந்தது.

2016-ல் முதலில் கொண்டுவரப்பட்ட மசோதா, மக்களவையில் நிறைவேறியும் மாநிலங்களவையில் தெரிவுக் குழுவுக்குச் சென்று, 16-வது மக்களவையுடன் காலாவதியானது. 2019-ல் அமைச்சர் நிதின் கட்கரி மீண்டும் கொண்டுவந்த மசோதா, ஜூலை 23-ல் மக்களவையிலும் ஜூலை 31-ல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. மாநிலங்களவை செய்த திருத்தங்களை மக்களவை ஆகஸ்ட் 5-ம் தேதி ஏற்றது. ஜம்மு-காஷ்மீரின் சிறப்பு அந்தஸ்து குறித்த தீர்மானத்தால் நாடே பரபரத்துக்கொண்டிருந்த நாள் அது.

அவையிலும் வெளியிலும் பெரிதும் பேசப்பட்டவை மாநில உரிமையும், தலைக்கவசம், உரிமம் ஆகியவற்றுக்கான அபராத உயர்வுமே. 182-ஏ என்ற புதிய பிரிவு அதிகக் கவனம் பெறவில்லை.

இரண்டு தட்டுகள், இரண்டு எடை: அந்தப் பிரிவை நிதானமாகப் படித்தால் ஓர் ஏற்றத்தாழ்வு புலப்படும். வாகன உரிமையாளரைப் பற்றிய நான்காவது உட்பிரிவு நேரடியானது: அனுமதியற்ற முறையில் பாகத்தை மாற்றினால் குற்றம். விற்பவரைப் பற்றிய மூன்றாவது உட்பிரிவு, ஓராண்டு வரை சிறை, பொருள் ஒன்றுக்கு ரூ. 1 லட்சம் அபராதம் எனத் தோற்றத்தில் இன்னும் கடுமையானது. ஆனால், மத்திய அரசால் "முக்கியப் பாதுகாப்புப் பாகம்" என்று அறிவிக்கை செய்யப்பட்ட பொருளாக இருந்தால் மட்டுமே அது பொருந்தும். அதாவது, வாங்கிப் பொருத்துபவரைச் சட்டமே பிடிக்கிறது. விற்பவரைப் பிடிக்க அரசின் அறிவிக்கை துணைக்கு வர வேண்டும்.

நடைமுறையிலும் இந்தச் சாய்வு தொடர்கிறது. 200-வது பிரிவின்படி, இக்குற்றங்களுக்கு இணக்கக் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் மாநில அரசுகளுக்கு உண்டு. மோட்டார் வாகனம் பொதுப் பட்டியலில் உள்ள துறை. புதிய அபராதங்கள் 2019 செப்டம்பர் 1-ம் தேதி அமலுக்கு வந்த சில நாள்களிலேயே, பாஜக ஆண்ட குஜராத் அரசே பல அபராதங்களைக் குறைத்தது. மக்களின் கோபத்துக்கு அஞ்சாத அரசு எதுவும் இல்லை.

சாலையில் நிற்கும் காவலருக்கும் சிரமம் உண்டு. கண் கூசுகிறது என்பதை அவர் உணரலாம். எத்தனை கூச்சம் என்று அளக்க அவரிடம் கருவி இல்லை. வணிக வாகனங்கள் தகுதிச் சான்றுக்காகக் குறிப்பிட்ட கால இடைவெளியில் சோதிக்கப்படுகின்றன. சொந்த காருக்கோ பதிவு 15 ஆண்டு செல்லும். அதுவரை அதன் விளக்கை எந்த அதிகாரியும் முறையாகச் சோதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரிட்டனில் மூன்று ஆண்டு நிறைந்த காருக்கு ஆண்டுதோறும் சோதனை உண்டு. ஹாலஜன் கூட்டுக்குள் செனான் குமிழ் இருந்தால் 2021 முதல் அந்த கார் சோதனையில் தேறாது. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகமும் இத்தகைய தொகுப்புகள் அந்நாட்டுத் தரவிதிக்கு இணங்க முடியாதவை என்று அறிவித்திருக்கிறது.

கணக்கில் வராத காரணம்: மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2023-ல் நாட்டில் 4,80,583 விபத்துகளில் 1,72,890 பேர் உயிரிழந்தனர். ஆண்டுதோறும் மாலை 6 மணி முதல் இரவு 9 மணி வரையிலான நேரத்திலேயே விபத்துகள் மிகுதி; மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 2022-ல் இறந்தவர்களில் ஏறக்குறைய 44 சதவீதம் பேர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள்; ஐந்தில் ஒருவர் பாதசாரி.

ஆனால், விபத்துக்கான விதிமீறல்களை அமைச்சகம் வகைப்படுத்தும்போது அதிவேகம், குடிபோதை, எதிர்த்திசையில் ஓட்டுதல், சிவப்பு விளக்கை மீறுதல், கைப்பேசி ஆகியவற்றுக்குத் தனித் தலைப்பு உண்டு. எதிர்வண்டியின் விளக்கால் கண் கூசியதற்குத் தனித் தலைப்பு இல்லை. அது "மற்றவை" என்பதில் கரைகிறது. விபத்துக்குப் பின் கண்ணைக் கூசச் செய்த வண்டி நிற்பதுமில்லை. மோதியதும் அது அல்ல. எண்ணப்படாத காரணத்துக்குக் கொள்கையும் வகுக்கப்படுவதில்லை.

இனி செய்ய வேண்டியது: தீர்வுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. முகப்பு விளக்கின் குமிழ்களும் தொகுப்புகளும் முக்கியப் பாதுகாப்புப் பாகங்களின் அறிவிக்கையில் ஐயத்துக்கு இடமின்றி இடம்பெற வேண்டும். அதன் அடிப்படையில் இறக்குமதியாளர், கடைக்காரர், இணைய விற்பனைத் தளம் ஆகியோர் மீது நடவடிக்கை தொடங்க வேண்டும். விற்பனைக்கு வராத பொருளை யாரும் வீட்டில் பொருத்த முடியாது.

இரண்டாவதாக, நியாயமான தேவைக்கு நியாயமான வழி திறக்கப்பட வேண்டும். 2019-ல் 52-வது பிரிவில் சேர்க்கப்பட்ட வாசகம், மாற்றிப் பொருத்துவதற்கான விவரக்குறிப்புகளையும் நிபந்தனைகளையும் மத்திய அரசே வகுக்கலாம் என்கிறது. அவ்வாறு மாற்றினால் தயாரிப்பாளரின் உத்தரவாதம் செல்லாததாகக் கருதப்படாது என்றும் கூறுகிறது. கூடும் குமிழும் ஒன்றாகச் சோதித்துச் சான்றளிக்கப்பட்ட தொகுப்புகளுக்கு இதன் கீழ் இடம் தரலாம். மூன்றாவதாக, விளக்கின் ஒளிக்கோணத்தைச் சோதிக்கும் வசதியைத் தானியங்கிச் சோதனை நிலையங்களில் சொந்த கார்களுக்கும் அளிக்கலாம். விபத்து அறிக்கைப் படிவத்தில் கண்கூச்சத்துக்கு ஒரு கட்டம் சேர்ப்பதற்குச் செலவே இல்லை.

அதுவரை, வெளிச்சம் போதவில்லை எனத் தவிப்பவர் விளக்கை மாற்றும் முன், மஞ்சள் படிந்த விளக்குக் கண்ணாடியைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். துருப்பிடித்த வயர் இணைப்பைச் சரிபார்க்கலாம். ஒளிக்கோணத்தைப் பணிமனையில் சீராக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான கார்களில் இழந்த வெளிச்சத்தின் பெரும் பகுதி இவற்றாலேயே திரும்பக் கிடைக்கும்.

ரூ. 5,000 அபராதம் ஒருவரின் விளக்கைக் கழற்ற வைக்கலாம். அதே விளக்கு மறுநாள் காலை அதே கடையில் அடுத்தவருக்கு விற்கப்படுமானால், அந்த அபராதத்தால் அரசுக்கு வருவாய் கிடைக்கும். சாலையில் செல்பவருக்குப் பாதுகாப்பு கிடைக்காது.