பாட்டுக்குப் பாவமில்லை என்பவர்களுக்கு

நமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் வாதம் ஒன்றுண்டு: பாட்டு கேட்பவனை அழவைத்தால் அது வென்றுவிட்டது, அதன் அரசியலைக் கிண்டுவது ரசனை கெட்டவன் வேலை. கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியாரான எனக்கு இது ஒருநாளும் ஒத்துவரவில்லை. அழவைப்பது ஒரு திறமை, அவ்வளவுதான். யாருக்காக அழவைக்கிறது, யாருக்காக அழவிடாமல் தடுக்கிறது என்றல்லவா கேட்க வேண்டும்?

சீமோன் பிக்கிண்டியை எடுத்துக்கொள்வோம். றுவாண்டாவின் பேர்பெற்ற பாடகர், அரசாங்க உத்தியோகத்தர், ஓர் ஆடற்குழுவின் தலைவர். நாட்டார் மெட்டுகளில் ஊறியவர். 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி அவரது பாடல்களைத் திரும்பத் திரும்ப ஒலிபரப்பியது. 1994 ஏப்ரலிலிருந்து சுமார் நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேரளவில், பெரும்பாலும் டுட்சிகள், கொல்லப்பட்டபோதும் அந்த இசை நிற்கவில்லை.

அவற்றுள் மிகவும் பேசப்பட்ட பாட்டின் தலைப்பு, ஹூட்டுகளை நான் வெறுக்கிறேன் என்று பொருள்படுவது. பாடியவரும் ஹூட்டுதான்! தன் அடையாளத்தை மறந்த, தம்மவரையே இகழ்கிற ஹூட்டுகளை அது ஏசுகிறது. கேட்பவன் கூனிக்குறுகி, தான் அப்படிப்பட்டவன் அல்லன் என்று காட்டத் துடிக்கிறான். யாரிடம் காட்டுவது என்பதைப் பாட்டு சொல்லத் தேவையில்லை. மற்றதை வானொலி அறிவிப்பாளர் பார்த்துக்கொள்வார்.

அதற்கு முன்பே ஹபியாரிமானவின் ஒற்றைக்கட்சி ஆட்சி, ஊர் ஊராக ஆட்களைக் கூட்டித் தன் புகழை ஆடவும் பாடவும் பழக்கியிருந்தது. (அமைச்சர் வருகிறாரென்று பிள்ளைகளை வெயிலில் நிறுத்திப் பொல்லடி ஆடவைக்கும் நாம் இதைக் கேட்டுச் சிரிக்க முடியாது.)

அருஷாவில் கூடிய சர்வதேசத் தீர்ப்பாயம் 2008 டிசம்பரில் பிக்கிண்டிக்குப் 15 ஆண்டுச் சிறை விதித்தது. பாட்டுக்காக அல்ல, 1994 ஜூனில் வாகன ஒலிபெருக்கியில் டுட்சிகளை அழிக்கச் சொன்னதற்காக. பாடல்கள் இனவெறுப்பை வளர்க்கவே இயற்றப்பட்டன என்று நீதிபதிகள் கண்டார்கள். கொலைக்குத் தூண்டும் நோக்கோடு இயற்றினார் என்பதும், 1994இல் அவை ஒலிபரப்பானதில் அவருக்குப் பங்கிருந்தது என்பதும் நிரூபிக்கப்படவில்லை. பார்த்தீர்களா, பாட்டுக்கு விடுதலை என்று நமது ரசிகர்கள் துள்ளக்கூடும். சந்தேகத்தின் பயனை எதிரிக்குக் கொடுப்பது நீதிமன்றத்தின் கடமை. விமர்சகன் எதற்கு அந்த அங்கியை மாட்டிக்கொள்கிறான்?

ஆபிரிக்காவோடு முடிகிற கதையல்ல இது. புலிகளின் இயக்கப் பாடல்களை நம்மவர்களும் முணுமுணுத்தார்கள். மெட்டும் குரலும் அப்படி. அவற்றின் 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் நாமும் அடக்கமா என்பதற்கு 1990 ஒக்டோபரில் பதில் கிடைத்தது. வடக்கு முஸ்லிம்கள் முழுப்பேரும் விரட்டப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு மணிநேர அவகாசம்.

இதை எழுத நமக்குத் தயக்கமில்லை. ஆனால் நமது தேர்தல் மேடைகளில் முழங்கிய சமூக எழுச்சிப் பாட்டுகள்? மாற்றுக் கட்சிக்கு வாக்களித்த முஸ்லிமை அவை என்ன பெயர் சொல்லி அழைத்தன? பக்கத்து ஊர்த் தமிழனும் சிங்களவனும் அவற்றில் எங்கே நின்றார்கள்? பாடல்களும் இருக்கின்றன, ஒலிநாடாக்களும் இருக்கின்றன. எடுத்து வைத்து எழுத நமது விமர்சகர்கள் எப்போது உட்காரப் போகிறார்கள்?