பைண்டிங் எலும்பைக் காக்கும், முழங்காலை அல்ல

நல்ல ஹெல்மெட்டும், பூட்ஸைச் சறுக்குப் பலகையான ஸ்கீயோடு பிணைக்கும் நல்ல பைண்டிங்கும் இருந்தால் பனிச்சறுக்கில் பயமில்லை, அடிபடுகிறவர்கள் கண்மண் தெரியாமல் பாய்கிறவர்கள்தான் என்று பலரும் அடித்துச் சொல்கிறார்கள். இதை நம்பி மலைக்குப் போவது ஆபத்து.

ஹெல்மெட் அவசியம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஐரோப்பியத் தரச் சோதனையில் அதை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்துதான் போடுகிறார்கள். மோதும் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். சரிவில் சாதாரணமானவர்களே அதைப்போல் இருமடங்கு வேகத்தில் போகிறார்கள். 2013 டிசம்பரில் பிரான்சின் மெரிபெலில் பாறையில் மோதித் தலையில் பலத்த காயமடைந்த கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கரும் ஹெல்மெட் அணிந்திருந்தார்.

பாய்கிறவர்களுக்குத்தான் அடியா? நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச்சில் கனடாவின் மோன் திரம்பிளானில் விழுந்தது, புதிதாகக் கற்பவர்களுக்கான சரிவில். எழுந்து நின்றார், நன்றாகவே பேசினார், சிகிச்சை வேண்டாம் என்றார். சிறிது நேரத்தில் தலைவலி வந்தது. மண்டைக்குள் இரத்தம் கசிந்து, இரண்டே நாளில் இறந்துபோனார். தலையில் அடிபட்டவர் "ஒன்றுமில்லை" என்று சொல்வதை யாரும் நம்பக் கூடாது.

பைண்டிங் விஷயத்தில்தான் பெரிய தவறு நடக்கிறது. கால் அளவுக்கு மீறித் திருகப்பட்டால் பூட்ஸை அது விடுவித்துவிடும். கெண்டைக்கால் எலும்பு முறிவுகள் 1970களுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்ததற்கு அது முக்கியக் காரணம். முழங்கால் ஜவ்வைக் காக்க அது வடிவமைக்கப்படவில்லை. பின்னால் சாய்ந்து, இடுப்பு முழங்காலுக்குக் கீழே இறங்கி, பாரமெல்லாம் ஒரே ஸ்கீயின் வால்பகுதியில் விழும்போது, அந்த வால் நெம்புகோலாகி முழங்காலை உள்பக்கமாகத் திருகும். பைண்டிங் கழலாமலே ஜவ்வு கிழிந்துவிடும். மெதுவாகப் போகும்போதும் இது நடக்கும். போதாததற்கு, வாடகைக் கடையில் எடையையும் திறமையையும் மாற்றிச் சொல்கிறவர்கள் உண்டு. அந்த விவரங்களை வைத்துத்தான் கடைக்காரர் பைண்டிங்கின் இறுக்கத்தைத் திருப்புளியால் சரிசெய்கிறார்.

"காயம் விதிப்படி" என்பார்கள். அதுவும் இல்லை. அமெரிக்காவின் வெர்மாண்ட் ஆய்வாளர்கள், ஜவ்வு கிழிவதற்கு முந்தைய நொடிகளை வீடியோவில் காட்டி, பனிச்சறுக்குப் பயிற்றுநர்களுக்கும் மீட்புக் காவலர்களுக்கும் பாடம் எடுத்தார்கள். கைகளை முன்னால் வை, ஸ்கீகளைச் சேர்த்து வை, விழுந்து சறுக்கும்போது எழ முயலாதே என்பதுதான் பாடம். 1995-இல் வெளியான முடிவின்படி, பயிற்சி பெற்றவர்களிடம் கடுமையான முழங்கால் காயங்கள் 62 சதவீதம் குறைந்தன. இந்தப் பாடத்தை வாடகைக் கடையிலேயே ஒவ்வொருவருக்கும் சொல்லித்தர வேண்டும்.