“வீட்டிலை வைச்சுத்தான் பாப்பம்” எண்டா, ஆர் பாக்கிறது?

எங்கட ஊரில் ஒரு பெருமைக் கதை உண்டு. “வெள்ளைக்காரர் மாதிரி நாங்கள் தாய் தேப்பனைக் கொண்டுபோய் இல்லத்திலை விடமாட்டம். வீட்டிலை வைச்சுத்தான் பாப்பம்.” கலியாண வீட்டிலும் கேட்கலாம், செத்த வீட்டிலும் கேட்கலாம். இதைச் சொல்லுபவர்களிடம் எங்களுக்கு ஒரே ஒரு கேள்விதான்: பாப்பம் என்கிறீர்களே, பாக்கிறது ஆர்?

சொல் பன்மையில் இருக்கிறது. வேலை ஒருமையில் நடக்கிறது. அந்த ஒருத்தி மகளாக இருப்பாள், இல்லையென்றால் மருமகள். அல்லது கலியாணம் சரிவராமல் வீட்டோடு நின்றுவிட்ட சித்தி.

வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். காலையில் பல் விளக்கி, முகம் துடைத்து, கஞ்சி பருக்க வேண்டும். எந்தக் குளிசை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். கிளினிக் நாள் என்றால் விடிய வெள்ளென வெளிக்கிட்டு, நம்பர் எடுத்து, மருந்து வாங்கி வர மத்தியானம் ஆகிவிடும். ஆள் படுக்கையில் விழுந்துவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். இரவுக்கும் அதே கணக்குத்தான். ஆஸ்பத்திரியில் இந்த வேலையை முறை மாறி முறை மாறிச் செய்வார்கள். வீட்டில் முறை மாற ஆளில்லை.

இதற்கு யாழ்ப்பாணத்தில் ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள்: “வீடு அவளுக்குத்தானே சீதனமா எழுதினது. அவள் பாக்கட்டும்.” அப்படியென்றால் சீதன உறுதி என்பது என்ன, ஆயுள்கால வேலை ஒப்பந்தமா? பிள்ளையைப் படிக்க வைத்ததற்கும் வெளிநாட்டுக்கு அனுப்பக் காணி விற்றதற்கும் அண்ணன்மாரிடம் இப்படி யாராவது கணக்குக் கேட்டதுண்டா?

வெளிநாட்டில் இருப்பவர்களைத் திட்டுவது எங்கள் நோக்கமில்லை. ஒரு தலைமுறையை கனடா, லண்டன், சுவிஸ் என்று சிதறடித்தது போர். அவர்கள் அனுப்புகிற காசில்தான் பல வீடுகளில் மருந்து வாங்கப்படுகிறது. ஆனால் காசு முதுகு தேய்த்துவிடாது. கூடத்தில் கமெரா பூட்டிவிட்டு, அங்கிருந்தபடி “அம்மாவுக்கு ஏன் இண்டைக்கு இன்னும் உடுப்பு மாத்தேல்லை?” என்று கேட்பதும் பராமரிப்பு ஆகாது. அது மேற்பார்வை. மேற்பார்வைக்கு எங்கட குடும்பங்களில் ஒருநாளும் ஆள் குறைந்ததில்லை.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைக் கவனிப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத தாய் தகப்பன் பிள்ளைகளிடம் செலவு கேட்டு விண்ணப்பிக்கவும் அதில் வழி உண்டு. சட்டம் சொல்வது “பிள்ளைகள்”. அதைப் “பொம்பிளைப் பிள்ளை” என்று வாசித்தது நாங்கள்.

இதில் நசிவது பார்ப்பவள் மட்டுமில்லை. மாதக்கணக்காக நித்திரையில்லாத கை எவ்வளவு அன்பானதாக இருந்தாலும் ஒருநாள் முரட்டுத்தனமாகும், வாயும் அப்படித்தான். கிழவிக்கு அது விளங்கும். “ஆருக்கும் பாரமா இருக்கக் கூடாது” என்று, இரவில் எழுப்பப் பயந்து, பின்னேரத்தோடு தண்ணி குடிப்பதை நிறுத்திவிடுவாள். பிறகு உடம்பில் நீர் வற்றும், சலக்கடுப்பு வரும். அல்லது ஒருவரையும் எழுப்பாமல் இருட்டில் தானே எழும்பிப்போய் பாத்ரூமில் விழுவாள். இடுப்பெலும்பு முறிந்த பிறகு ஊரே பழம் வாங்கிக்கொண்டு வரும். விழ முதல் சுவரில் ஒரு கைபிடி பூட்டக்கூட ஒருவரும் வரவில்லை.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே இலங்கையில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 வீதம். அந்தத் தொகை கூடிக்கொண்டே போகிறது. பார்க்கவேண்டிய பிள்ளைகளின் தொகையோ வீட்டுக்கு வீடு குறைகிறது. ஒருத்தியின் முதுகில் ஏற்றிவிட்டுப் பண்பாடு பேசுகிற காலம் முடிந்துவிட்டது.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பராமரிப்பை வேலையாக எண்ணுங்கள், எண்ணியதைப் பங்கு போடுங்கள். கிளினிக் நாள் ஒருவருக்கு, இரவு இன்னொருவருக்கு. வெளிநாட்டில் இருப்பவர் லீவில் வந்தால் நல்லூர்த் திருவிழாவோடு நிற்காமல் இரண்டு கிழமை முழுப் பொறுப்பையும் எடுத்து, பார்த்தவளை வெளியில் போகவிடட்டும். கூலிக்கு ஆள் வைத்தால் அவவுக்கும் கிழமையில் ஒருநாள் லீவு வேண்டும். எல்லாத்துக்கும் முதல், அந்த முதியவரிடமே கேளுங்கள்: ஆர் குளிக்க வாத்தா உங்களுக்கு வெக்கமில்லாமல் இருக்கும்? எத்தினை மணிக்குப் படுக்க விருப்பம்?

கடைசியாக எங்கட வயசுப் பெடியளுக்கு. அப்பப்பாவை கிளினிக்குக்கு மோட்டச்சைக்கிளில் ஏத்திக்கொண்டு போறது நல்ல விசயம்தான். ஆனா அது வேலையின்ரை லேசான பக்கம். வீட்டுக்கு வந்தாப் பிறகு அவருக்குச் சாரம் மாத்த வேணும், சட்டி எடுக்க வேணும், நகம் வெட்ட வேணும். அதுக்குப் பொம்பிளைக் கை தேவையில்லை. பழகின கை போதும். பழகுங்கோ.