பழைய டிராக்டருக்கு ஏற்ற சங்கிலி

அமெரிக்காவின் வட மாநிலங்களில், 1947 முதல் 1952 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்டு 8என் போன்ற டிராக்டர்கள் இன்றும் பனி தள்ளவும் விறகு இழுக்கவும் உழைத்துவருகின்றன. அவற்றுக்குக் கனத்த டயர் சங்கிலி தேடுவோர் அளவை மட்டும் கேட்டு வாங்கிவிடுவது வருந்தத்தக்கது. அளவே குழப்பம் தருவது உண்மைதான். பழைய கையேட்டில் 10-28 என்றிருக்கும் டயரின் இடத்தைப் பின்னாளில் 11.2-28 என்ற குறியீடு பிடித்துக்கொண்டது. ஆனால் அதைவிட முக்கியமானது சங்கிலியின் பின்னல். 1904இல் ஹாரி வீட் கார்களுக்காகக் காப்புரிமை பெற்ற சங்கிலியின் வழிவந்த ஏணி அமைப்பில், இருபக்கச் சங்கிலிகளுக்கிடையே குறுக்குச் சங்கிலிகள் படிகளைப் போல நிற்கின்றன. உழவு டயரிலோ சாய்ந்த தடித்த ரப்பர் வரப்புகள் இருப்பதால், அப்படிகள் வரப்புகளின் இடைப்பள்ளத்தில் விழுந்து, பனிக்கட்டியைத் தொடாமலே சுழல்கின்றன. குறுக்குச் சங்கிலிகளை நெடுக்குக் கண்ணிகளாலும் பிணைத்த வகை, விலையும் எடையும் கூடியதாயினும், வரப்புகளின் மேலேயே தங்கிப் பிடிப்பைத் தருகிறது. சரிவில் பாரத்தோடு இறங்கும் உழவரின் உயிர் அப்பிடிப்பை நம்பியிருக்கையில் இங்கே சிக்கனம் பார்ப்பது தகாது. இனி எஞ்சுவது இடைவெளி: டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே சங்கிலி உரசுமாயின், பின்சக்கரங்களை மாற்றிப் பூட்டித் தட அகலத்தைக் கூட்டிக்கொள்ளும் வசதி இந்த டிராக்டரிலேயே இருப்பதால், சங்கிலியை மாட்டுமுன் அதைச் செய்துவிடுவது நல்லது.