மக்குப் பட்டம்

தமிழ் மொழியில் சில விஷயங்களுக்குச் சொற்பஞ்சம் உண்டு என்று குறைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். படிப்பு ஏறாத பிள்ளையை வைவதற்கு மட்டும் அந்தப் பஞ்சம் கிடையாது. மக்கு, மண்டு, மரமண்டை, களிமண் என்று ஆரம்பித்தால் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போகலாம். இத்தனை சொற்களை உற்பத்தி செய்த நாம், அந்தப் பிள்ளைக்குப் படிப்பு ஏன் ஏறவில்லை என்று கேட்பதற்கு வெகு காலம் எடுத்துக்கொண்டோம்.

கோயமுத்தூரிலிருந்து அவிநாசிக்குப் போகும் சாலையிலுள்ள பீளமேட்டை நேயர்கள் அறிவார்கள். கல்லூரிகளும், பவுண்டரிகளும், லேத் பட்டறைகளும் நிறைந்த ஊர். படிப்பின் மீதும் இயந்திரத்தின் மீதும் சம அளவு பைத்தியம் கொண்ட ஊர் என்று சொன்னால் ஊரார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இத்தகைய ஊரில் இப்படி ஒரு பையனைக் காண்பது அபூர்வமல்ல. வீட்டு மிக்ஸி நின்றுவிட்டால் கழற்றிப் பார்த்து ஓட வைத்துவிடுவான். எந்த மோட்டார் எந்தச் சத்தம் போடும் என்பது அவனுக்கு அத்துபடி. பாடத்தை ஒருவர் வாசித்துக் காட்டினால் அப்படியே திருப்பிச் சொல்வான். புத்தகத்தை அவன் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னாலோ முகம் வெளிறிவிடும். "பட்டம்" என்று இருக்கும், "படம்" என்பான். அடுத்த வரியில் அதே சொல் வந்தால் புதிதாய்ப் பார்ப்பதுபோல் விழிப்பான். "திமிர்" என்கிறார் உபாத்தியாயர். "சோம்பேறி" என்கிறார் தகப்பனார். தாயார் ஒன்றும் சொல்வதில்லை; கோயிலுக்கு வேண்டிக்கொள்கிறாள்.

இதற்கு டிஸ்லெக்ஸியா என்று பெயர். தமிழில் வாசிப்புக் குறைபாடு என்கிறார்கள். 1887-ம் வருஷத்தில் ருடால்ப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் வைத்தியர் வைத்த பெயர் அது. ஆனால் இது கண் நோயல்ல. புத்திக் குறைவும் அல்ல. பேசும் சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, அந்த ஒலியை எழுத்தோடு முடிச்சுப் போடும் வேலை மூளையில் தாராளமாக நடைபெறுவதில்லை, அவ்வளவுதான். நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது இருப்பதாக நிபுணர்கள் மதிப்பிடுகிறார்கள். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள் என்று கணக்காகிறது. குடும்ப வழியாகவும் வருவதுண்டு. ஆகையால் "இவன் யாரைக் கொண்டு பிறந்தானோ!" என்று அங்கலாய்க்கும் தகப்பனார் சற்று ஜாக்கிரதையாகப் பேசுவது நல்லது.

1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில வைத்தியர் பெர்ஸி என்ற பதினான்கு வயதுப் பையனைப் பற்றி வைத்தியப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். விளையாட்டில் சூரன், கணக்கில் தடையில்லை, பெரிய எண்களையெல்லாம் சரளமாகப் படித்தான். ஏழு வருஷம் கற்பித்தும் சிறு சொற்களைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசித்தான். தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். பாடம் முழுவதையும் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியில் இவனே முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய உபாத்தியாயரின் அபிப்பிராயம். அந்த மனிதர் பிரம்பை எடுப்பதற்கு முன் பையனைக் கவனித்துப் பார்த்திருக்கிறார்.

தமிழ் எழுத்து ஒலிப்படியே எழுதப்படுவதால் நம் பிள்ளைகளுக்கு இந்தத் தொந்தரவு வராது என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆங்கிலத்தைக் காட்டிலும் நம்முடையது ஒழுங்கானது என்பது வாஸ்தவமே. ஆயினும் "கொ" என்ற எழுத்தைப் பாருங்கள். வாயில் முதலில் பிறப்பது ககர ஒலி. உயிரொலி அதன் பின்னால் வருவது. எழுதும்போதோ கொம்பு முன்னால் போய் நின்றுகொள்கிறது, கால் பின்னால் நிற்கிறது. ஒரே "க", "கடல்" என்பதில் ஒரு விதமாகவும் "தங்கம்" என்பதில் வேறு விதமாகவும் ஒலிக்கிறது. ஒரு புள்ளி தவறினால் சொல்லே மாறிவிடுகிறது. மற்றப் பிள்ளைகள் இதையெல்லாம் கவனியாமலே தாண்டிப் போகிறார்கள். இந்தப் பிள்ளை ஒவ்வொரு முறையும் கல்லில் இடித்துக்கொள்கிறான். தமிழில் தப்புக் குறைவாக இருக்கலாம்; வேகம் வருவதில்லை. வினாத்தாளை வாசித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிடுகிறது.

பரிகாரம் உண்டா என்றால், உண்டு. ஒலியையும் எழுத்தையும் ஒவ்வொன்றாக, ஒழுங்கு முறையாக, கண், காது, கை மூன்றையும் ஈடுபடுத்திக் கற்பிக்க வேண்டும். 1930-களில் அமெரிக்காவில் ஆர்ட்டன் என்ற வைத்தியரும் கில்லிங்ஹம் என்ற ஆசிரியையும் வகுத்த முறையில், பிள்ளை எழுத்தை விரலால் தடவிக்கொண்டே அதன் ஒலியை உரக்கச் சொல்கிறது. இதைக் கேட்டதும் நம் பாட்டனார்கள் சிரித்திருப்பார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி, ஆள்காட்டி விரலால் "அ" எழுதி, தெரு முழுவதும் கேட்கும்படி கத்தியது வேறென்ன? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையிலிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து, அந்த முறையைத் தம் பள்ளியில் கையாண்டு, 1797-ல் இங்கிலாந்தில் புத்தகமும் போட்டுவிட்டார். நாமோ மணலை விட்டுவிட்டுப் பிரம்பை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டோம்.

மணல் என்றதும் ஜி. டி. நாயுடு ஞாபகத்திற்கு வருகிறார். 1893-ல் கோவைக்கு அருகே கலங்கல் கிராமத்தில் பிறந்த அவர், பள்ளிக்கூடம் பிடிக்காமல் உபாத்தியாயர் மீது மணலை வாரி இறைத்தார் என்று அவருடைய வரலாற்றில் சொல்வார்கள். பிறகு ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கி, பிரித்துப் பூட்டிக் கற்றார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின் மோட்டார் 1937-ல் பீளமேட்டில் அவருடைய தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. படிப்பு வராத பையனுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் இவரைத்தான் இழுக்கிறார்கள். ஆனால் நாயுடு பிற்பாடு ஏராளமாக வாசித்தவர்; பள்ளிக்கூடம் கசந்தது என்பதற்காக அவரை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பது சரியன்று. தவிர, இந்த ஆறுதலில் ஓர் அபாயமும் இருக்கிறது. மேதையாக வரப்போகிறவனை மட்டும் மன்னிப்போம் என்று அதற்கு அர்த்தமாகிறது. சாதாரணப் பையன் என்ன செய்வான்? அவனுக்கும் வாசிக்கக் கற்றுக்கொடுத்துத்தானே ஆக வேண்டும்?

அப்படியானால் இவர்களுக்கு விசேஷத் திறமை உண்டு என்பதெல்லாம் கட்டுக்கதையா? அதுவுமல்ல. காகிதத்தில் வரையலாம், உலகத்தில் கட்ட முடியாது என்ற மாதிரியான விசித்திர உருவங்கள் உண்டல்லவா? அவற்றை இனங் கண்டுகொள்வதில் வாசிப்புக் குறைபாடு உள்ளவர்கள் மற்றவர்களை விட வேகமாக இருந்தார்கள் என்றும், வேகத்தினால் தப்பு அதிகமாகவில்லை என்றும் 2003-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சி சொல்கிறது. வேறு சில ஆராய்ச்சிகள் அத்தகைய மேன்மை எதையும் காணவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பவுண்டரியில் பேட்டர்ன் செய்கிற தொழிலாளியைப் பாருங்கள். தட்டையான படத்தைப் பார்த்ததும், உள்ளே எங்கே குடைவு, உருகிய இரும்பு எந்த இடத்தில் சுருங்கும் என்பதை மனத்திலேயே திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். அப்படி முழு உருவத்தை ஒரே பார்வையில் பிடிக்கும் பிள்ளை நம் வீட்டில் இருந்தால், அதைத் திறமை என்று அவனிடம் வாய்விட்டுச் சொல்வதில் நமக்கு என்ன நஷ்டம்? எட்டு வயது முதல் மக்குப் பட்டம் சுமந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை மறுபடியும் புத்தகத்தைத் தொடும் தைரியத்தைக் கொடுக்கும்.

சர்க்காரும் இப்பொழுது கண் திறந்திருக்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. நம் மாகாணத்துப் பொதுப் பரீட்சைகளில் கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு முதலிய சலுகைகள் கிடைக்கின்றன. சென்னையிலுள்ள மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறது. இவ்வளவு இருந்தும், வைத்தியச் சான்றிதழ் வாங்கப் பெற்றோர் தயங்குகிறார்கள். "நாளைக்கு இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்?" என்று கேட்ட ஒரு பாட்டியம்மாளிடம், பெண் வீட்டார் மாப்பிள்ளையை உரக்க வாசிக்கச் சொல்லிப் பரீட்சை வைப்பதில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

சான்றிதழை வாங்கினாலும், பரீட்சைக்கு முதல் வாரம் அதை எடுத்துக்கொண்டு ஓடுவதில் பயனில்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளையின் விண்ணப்பத்தைப் பள்ளி திறந்த மாதத்திலேயே தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். சொல்லி எழுத வைப்பதற்கும் பழக்கம் வேண்டும். அதற்குப் பையனுக்குச் சில மாதங்களாவது பிடிக்கும்.