பயம் விட்டுப்போன சனமா?

‘பட்டாசுச் சனத்துக்குப் பயம் விட்டுப்போச்சு, அதான் சாவுறாங்க’ என்று சொல்ல எப்போதும் ஒரு வாய் இருக்கிறது. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டியில் 38 பேர். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளத்தில் இருபதுக்கு மேல். சேரியிலிருந்து விடியக்காலை வேன் ஏறுகிறவளுக்கு இது தெரியாதா?

இழப்பு நிச்சயமென்றால் மனுசர் பலரும் சூதாடத் துணிவார்கள் என்று கானேமனும் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதினார்கள். நோபல்காரர் சொன்னால் உளவியல், சாத்தூர்க்காரி செய்தால் அறியாமையா? வாங்கித் தின்ன அட்வான்சு, வானம் பார்த்த கரிசல், எண்ணிக்கைக்குக் கூலி. போகாவிட்டால் இழப்பு இன்றைக்கே, வெடி என்றைக்கோ. அவ கணக்குல தப்பில்ல.

நாலு பேர் அறையில் மேலும் ஆளைத் திணித்து, தீபாவளி ஆர்டருக்கு விரட்டுகிறவனுக்குத்தான் பயமில்லை. மருந்துப் பக்கத்தில் அவன் உட்காருவதில்லையே! உரிமத்தை உள்குத்தகைக்கு விட்டவனை முதலில் உள்ளே தள்ளுங்கள். அட்வான்சுக் கடனை ரத்து செய்யுங்கள். விழிப்புணர்வு முகாமெல்லாம் பிறகு போடலாம்.